என் புருஷனை ஆத்தா டாக்டர்கிட்ட சேர்த்தா

என் வீட்டுக்காரர் என் கழுத்துல பாராங் கத்தியை வச்சாரு. "சோத்துல என்னடி கலந்த?"ன்னு கேட்டாரு. அவர் கண்ணு என்னைப் பாக்கலை. எனக்குப் பின்னால யாரையோ பாத்துச்சு.

நான் சரசு. மலேசியாவுல, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளிங்க லைன் வீட்டுல இருக்கோம். அவர் முனியாண்டி, தோட்டத்து லோரி ஓட்டுவாரு. சத்தமா பேசக்கூடத் தெரியாத மனுஷன். சில மாசமா தூக்கம் இல்ல. யாரோ காதுக்குள்ள பேசுறாங்கன்னு சொன்னாரு. அப்புறம் கதவை உடைச்சாரு. அன்னிக்குக் கத்தியைப் பிடுங்க வந்த அவர் தம்பி குமார் கையைக் கிழிச்சுட்டாரு. என் கழுத்துலயும் ரத்தம்.

பேய் பிடிச்சிருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. மறுநாள் குமாரும் ஆளுங்களுமா அவரை மடக்கித் தூண்ல கட்டினாங்க. கோலா தெர்லாவுல இருந்து வந்த மந்திரவாதி பிரம்பால விளாசினாரு. முதுகுத்தோல் உரிஞ்சுச்சு.

"அடி பேய்க்குத்தாம்மா, அவருக்கு வலிக்காது"ன்னாரு.

"சரசு, வலிக்குதும்மா"ன்னு என் வீட்டுக்காரர் அழுதாரு.

நான் நடுவுல விழுந்தேன். பிரம்பு என் தோள்ல இறங்குச்சு. அங்கிருந்து எழுந்து மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். தரையில தலையை மோதி அழுதேன். "ஆத்தா, அவரைத் திருப்பிக் கொடு. இல்லன்னா ரெண்டு பேரையும் எடுத்துக்க."

சாமி கும்பிட வந்த கமலா என்னைத் தூக்கினா. தானா ராத்தா ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற பொண்ணு. நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, இது பேய் இல்ல, நோய். இதுக்குன்னே மனநல டாக்டர் இருக்காங்க, சைக்கியாட்ரிஸ்ட்."

"கிட்டப் போனா வெட்டிடுவாரே."

"அதுக்கும் ஆள் வருவாங்க லா. நீங்க தனியாப் பிடிக்க வேணாம்."

அவ போன் போட, போலீஸும் ஆம்புலன்ஸும் வந்துச்சு. கட்டை அவிழ்த்ததும் அவர் கடிச்சாரு, உதைச்சாரு. ஒரு போலீஸ்காரருக்கு உதடு கிழிஞ்சுச்சு. ஆனா யாரும் அவரைத் திருப்பி அடிக்கலை. அதைப் பாத்துத்தான் நான் அழுதேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில ஊசி போட்டு அமைதிப்படுத்தி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க மனநல டாக்டரம்மா அவர்கிட்ட பொறுமையாப் பேசினாங்க. ஸ்கிசோஃப்ரினியான்னு நோய்க்குப் பேர் சொல்லி மருந்து ஆரம்பிச்சாங்க. தெளிஞ்ச பிறகு, சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் வந்தாரு. அவர் மருந்து எழுத மாட்டாரு. குரல் கேட்டா பயப்படாம எப்படிச் சமாளிக்கிறதுன்னு பேசிப் பேசிப் பழக்கினாரு. இப்ப கிளினிக்ல நர்ஸ் தவறாம ஊசி போடுறாங்க.

முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். எப்பவாவது குரல் கேக்குமாம். மருந்தால கை லேசா நடுங்குது. லோரி ஓட்டுறதை விட்டுட்டு, தோட்டத்து நர்சரியில கன்னு வைக்கிறாரு. குமாருக்கு ஒரு விரல் இன்னும் மடங்கலை. ஆனாலும் அண்ணனை கிளினிக்குக் கூட்டிட்டுப் போறது அவன்தான்.

நான் வெள்ளிக்கிழமை விளக்கை நிறுத்தலை. அவர் மருந்தையும் நிறுத்த விடலை. ரெண்டும் எனக்கு ஆத்தா கொடுத்ததுதான்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, அடிக்க விடாதீங்க. மறைச்சு வைக்காதீங்க. ஆத்தாகிட்ட அழுங்க, அவ கேப்பா. கும்பிட்ட கையோட அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.