தூங்குகிறவரை எழுப்புகிறவள்

பினாங்கில் மருந்துக் கடைக்குக் காலி பாட்டிலோடு யாரும் போவதில்லை. கப்பலேறி வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஊர் வழக்கப்படி, கழுவி வெயிலில் காயவைத்த பாட்டிலை நீட்டினேன். கடைக்காரச் சீனர் நான் அதை விற்க வந்திருப்பதாக நினைத்து, தெருவில் போன பழைய சாமான்காரனைக் கைகாட்டினார். என் வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு வலி, டாக்டர் எழுதிய அபின் சொட்டு மருந்து வேண்டும் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் வரிவரியாக மேடு வைத்த நீலப் பாட்டிலில் கொடுத்தார். இருட்டில் தடவினாலும் விஷம் என்று கைக்குத் தெரியுமாம்.

ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் தர்மாஸ்பத்திரியில் பாட்டில் நம்முடையது, மருந்து அவர்களுடையது. ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைக் கம்பவுண்டர் பாட்டிலில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. எழுத்தறியாதவரும் தப்பாமல் குடிக்கலாம். அந்தப் பட்டையை ஊரே நம்பியது. என் அக்காவின் வீட்டுக்காரர், மாமா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். ஈரத்தோல் கட்டு சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து வலியில் துடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் மருந்து வாங்கிய பழைய பாட்டிலையே அக்கா எடுத்துப் போனாள். கம்பவுண்டர் அதில் இதே அபின் சொட்டு மருந்தை ஊற்றி, "பத்து சொட்டும்மா, தண்ணில கலந்து குடு. ஜாஸ்தி வேணாம்" என்றார். பழைய பட்டையை இருவருமே கிழிக்கவில்லை. அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் மாமா முனகினார். அவருடைய அம்மா பட்டையைப் பார்த்து ஒரு பல் அளவு ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

மாமா தூங்கினார். "இப்பத்தான் கண்ண மூடினான், யாரும் எழுப்பாதீங்க" என்று அவருடைய அம்மா வாசலில் நின்று சொன்னார். எதிர்வீட்டில் உரலில் இடிப்பதை நிறுத்தினார்கள். திரும்பி வந்த அக்காகூடக் குறட்டையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு விசிறிக்கொண்டிருந்தாள். அது விட்டுவிட்டு வந்ததை, அங்கேயே இருந்த நான் உட்பட, ஒருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் உதடு நீலம் பாரித்த பிறகுதான் உலுக்கினோம். அவர் எழுந்திருக்கவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? எல்லோரும் பிரியத்தில்தான் சும்மா இருந்தார்கள்.

இங்கே டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு சொட்டுகூட நான் விடவில்லை. ஆனாலும் இவர் கண்ணை மூடினால் எனக்கு உயிர் போகிறது. நேற்றுப் பகலிலும் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாடி பேஜாரு! தூங்க வுடேன்."

"திட்டுங்க. இன்னும் நல்லா திட்டுங்க."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ஓடிவந்தாள். நோயாளியோடு சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாள், ஜன்னலைச் சாத்தினாள், வெளியே விளையாடிய பிள்ளைகளையும் விரட்டினாள். அவள் முகத்தில் எங்கள் ஆம்பூர்த் தெருவே வந்து நின்றது. அவள் மனம் நோகக்கூடாதென்று நானும் உதட்டில் விரல் வைத்தேன். இன்னொரு கையால், அவள் பார்க்காதபடி, இவர் காலைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.