குனிந்தால் ஏறும் புளிப்பு

என் வீட்டுக்காரர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிற வேலையில் இருந்தார். என் ஊர் கல்லாவியிலிருந்து கல்யாணமாகி நான் அங்கே போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சாப்பிட்டு எழுந்ததும் அவர் நெஞ்சுக்குழியைத் தேய்த்துக்கொண்டே நிற்பார். அது அவருடைய பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"எரியுது. கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

அடங்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் யாருக்குத்தான் எரியவில்லை? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை சோடா உப்பை வாயில் போட்டுக்கொள்வார். அவர் புருஷனுக்கு நாள் முழுக்கப் புளித்த ஏப்பம். மிளகாய் தூக்கலான குழம்பில் களியை முக்கி விழுங்கிவிட்டு, கை ஈரம் காயுமுன் வேலைக்கு ஓடுகிற ஜனங்கள். நெஞ்செரிச்சல் அவர்களுக்குத் தும்மல் மாதிரி. அதை நோவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனாலேயே இவருக்கு இருப்பது அந்த மாதிரி இல்லை என்று யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பால் கறக்கக் குந்தி உட்கார வேண்டும். முழங்கால் இடுக்கில் வாளி, மாட்டு வயிற்றில் நெற்றி. வயிறு மடங்கியதுமே தின்றதெல்லாம் புளித்த தண்ணீராகத் தொண்டைக்கு ஏறிவிடும். முகத்தைத் திருப்பித் துப்பிவிட்டுத் திரும்பக் கறப்பார். சாப்பிடாமல் போனாலும் எரிந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "காரம், புளி ரெண்டையும் கொறைங்க. சாப்பிட்டதும் குனியாதீங்க" என்றார் டாக்டர்.

"பால் கறக்கிற வேலைங்க" என்றார் இவர்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் கொண்டுபோன பாட்டிலில் கம்பவுண்டர் ரோஸ் கலர் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். அது தீரும்வரை கொஞ்சம் தேவலை. அப்புறம் பழையபடிதான்.

நான் மிளகாயை நிறுத்தினேன், புளியை நிறுத்தினேன். வெளுத்துப்போன குழம்பைத் தொட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார், பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். ஒருநாள் மோர் ஒத்துக்கொள்ளும், மறுநாள் அதே மோர் எரியும். எதைப் போட்டால் இந்த மனுஷனுக்கு ஆகும் என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்து எனக்குச் சமைக்கவே பயமாகிவிட்டது.

அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று கல்லாவிக்குப் போனோம். கறிச்சோறு. இவர் மோரை மட்டும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ளே, எங்கூட்டுக் கறி எறங்காதா?"

எல்லார் முன்னாலும் கேட்டதால் இவர் தின்றார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்த, பந்தியே எழுந்து ஓடிவந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இவருக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது, கூடவே வாந்தி.

"அட, ஏப்பந்தானா!" என்று யாரோ சிரிக்க, பலரும் சிரித்தார்கள். பிழைத்தாரே என்ற சந்தோஷத்தில் என் அம்மாவும் சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் நெஞ்சைத் தேய்த்தபடி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலக் கறவையில், முகத்தைத் திருப்புமுன் புளித்த தண்ணீர் வாளியிலேயே விழுந்துவிட்டது. இவரே பண்ணை மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். நிறைந்த வாளியை அப்படியே மண்ணில் கொட்டச் சொன்னார் மேஸ்திரி. கன்னடக்காரர், கெட்டவர் இல்லை. "எனக்குந்தான்பா எரியுது, யாருக்கு இல்ல?" என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு, மறுநாளே இவரைத் தீவனம் வெட்டுகிற கொட்டகைக்கு மாற்றினார். அங்கே நின்றுகொண்டே செய்கிற வேலை. புளிப்பு ஏறுவது குறைந்தது, எரிச்சல் நிற்கவில்லை. ராத்திரியில் சுவரில் சாய்ந்துதான் தூக்கம்.

இவர் கறந்துகொண்டிருந்த சிவப்புப் பசு புது ஆளுக்குப் பால் விடாமல் உதைத்ததாம். அதன் கத்தல் கொட்டகைவரை கேட்கிறது என்று ஒரு சாயங்காலம் சொன்னார்.

"போய்க் கொஞ்சம் தடவிக் குடுத்துட்டு வரலாமில்லீங்க?" என்றேன்.

"போனா என்னெக் கறக்கச் சொல்லி நிக்கும். குந்த முடியுமா என்னால?"

கஞ்சியை ஆற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.