பஸ்ஸுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள்

பஸ் வரப்போகிறது என்றதும் அம்மா செய்த முதல் வேலை பசுவை அவிழ்த்து விட்டதுதான்.

அது கொரோனாக் காலம். எனக்குப் பத்து வயது. அப்பா கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரருக்குக் கொரோனா வருத்தம் உறுதியாகிவிட்டது. அவரோடு பழகியவர்களைக் குடும்பத்தோடு தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம், பதினாலு நாள், இரண்டு கிழமை அங்கே இருக்கவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் காலையிலேயே வந்து வாசல் படலைக்கு வெளியே நின்று சொன்னார்.

"சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்க தருவினம் அக்கா. உடுப்பு மட்டும் எடுத்தால் காணும்."

"ஓம் தம்பி" என்றார் அம்மா. பரிசோதகரின் தலை மறைந்ததும் நேரே கொட்டிலுக்குப் போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தார். கோழிக்கூட்டையும் திறந்துவிட்டார். தான் தண்ணீர் வைப்பதாகப் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்.

"கட்டிப்போட்டுப் போனால் கட்டினபடி செத்துப்போகும்" என்றார் அம்மா. பசு போக மனமில்லாமல் படலையடியிலேயே நின்றது. அம்மா அதை அடித்துத் துரத்தினார். நான் அழுதேன்.

பிறகு வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினார். அரிசி, மா, உப்பு, நெருப்புப் பெட்டி, சட்டி பானை, அரிக்கன் லாம்பு, மழைக்குக் கூரையாகக் கட்ட ஒரு தறப்பாள். தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் போட்டார். குத்துவிளக்கை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் மண்வெட்டியால் கிடங்கு வெட்டிப் புதைத்தார். அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டினார். கடைசியாகச் சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் கழற்றி ஒரு சேலைக்குள் வைத்தார். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அவர் படத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. எங்கே என்று கேட்டால், "பஸ்ஸில போனவர்" என்பார்கள். தூரத்தில் எங்கோ வேலை செய்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமைக்கு இத்தனை மூட்டையா என்று அப்பாவாவது கேட்பார் என்று பார்த்தேன். அவரோ சாக்குகளின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கோ அது பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி இருந்தது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூட்டைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பின்னேரம் எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் முகப்பில் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. பரிசோதகர் இப்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புக்குள் இருந்தார். எங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி என்னத்துக்கு அக்கா?" என்று கேட்டார். அம்மா அதைச் சாக்கோடு சேர்த்துக் கட்டினார். வேலிகளுக்குப் பின்னால் ஊரே நின்று பார்த்தது. எனக்கு மானம் போனது.

"ஆம்பிளையள் முன் பஸ். பொம்பிளையளும் பிள்ளையளும் பின் பஸ்" என்று வாசலில் நின்ற பஸ்காரர் கூப்பிட்டார்.

அம்மாவின் கையிலிருந்த மூட்டை விழுந்தது. இரண்டு கையாலும் அப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இவரைத் தனிய ஏத்த விடமாட்டன். ஏத்திறதெண்டால் என்னைக் கொன்றுபோட்டு ஏத்துங்கோ." அம்மா கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். சந்தையில் நின்றவர்களை வேறாக வைக்கவேண்டும், அதுதான் நோய்க்கு விதி என்று பஸ்காரர் விளங்கப்படுத்தினார். அம்மாவின் பிடி இறுகியதே தவிர விடவில்லை.

பரிசோதகர் கொஞ்சம் தள்ளிக் குந்தினார். முகத்தை மறைத்திருந்த கண்ணாடித் தகட்டை மேலே தூக்கினார். அவர் அவ்வளவு இளம் பெடியன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பஸ்ஸில போனது உங்கட ஆர் அக்கா?"

"அண்ணர்."

அவர் எழும்பிப்போய்ப் பஸ்காரரோடு கனநேரம் கதைத்தார். கடைசியில் எல்லாக் குடும்பங்களும் பிரியாமல் ஏறின. எங்கள் மண்வெட்டியும் ஏறியது.

"நான் முன்னால போறன் அக்கா. நீங்கள் எல்லாரும் இறங்கி உள்ள போகுமட்டும் அங்கதான் நிப்பன்" என்றார்.

ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் அவருடைய மோட்டார் சைக்கிள் போனது. மாங்குளம் சந்தியில் மல்லாவிப் பக்கம் திரும்பியபோதும் முன்னால்தான் போனது. அம்மா அதிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. நாங்கள் தப்பி ஓடிவிடாமல் காவல் போகிறார் என்று நினைத்து, வழி முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

யுத்தம் முடிந்த நாளில் இராணுவம் மாமாவைத் தனியப் பிரித்து ஏற்றிய பஸ்ஸைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகுதான். அது எந்தச் சந்தியில் திரும்பியது, எங்கே நின்றது என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை.

நிலையத்து வாசலில் பரிசோதகர் சொன்னபடியே நின்றார். முதலில் அப்பா இறங்கினார், பிறகு நான், பிறகு அம்மா. உள்ளே போகுமுன் அம்மா அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். காவல்காரனைப் போய் ஏன் கும்பிடுகிறார் என்று வெட்கப்பட்டு, நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.