கண் திறந்த ஒரு படம்

என் மனைவியின் அக்காள் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு அனகாபுத்தூர் போயிருந்தோம். கூடத்தில் சாமந்தி மாலைக்கு நடுவே வைத்திருந்த படத்தை என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் காதருகே வந்து, "இது எங்க அக்கா கண்ணு இல்லீங்க" என்றாள்.

உண்மைதான். அக்காள், தங்கை இருவருக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. வெளிச்சம் ஆகாது. ஃபிளாஷ் அடித்தால் இருவரும் கண்ணை இறுக்கி மூடிவிடுவார்கள். குடும்பத்துக் கல்யாண ஆல்பங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பேரும் நின்றபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள். அக்காள் போன பிறகு தேடினால், கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. அவள் மகன் ஏதோ ஒரு குரூப் போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறான். அவர்கள் தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு பட்டுப்புடவையை மாட்டி, வேறு யாருடைய கண்களையோ பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கண்களுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மை வேறு தீட்டியிருந்தது. வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் "அப்படியே உயிரோட பாக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அக்காளோடு அறுபது வருஷம் பழகியவர்கள். வடையில் உப்பு குறைந்ததை மட்டும் உடனே கண்டுபிடித்தார்கள்.

திரும்பி வரும்போது, ஆட்டோ பம்மல் தாண்டியதும் என் மனைவி என் கையைத் தட்டினாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு இப்படிப் பண்ணிடாதீங்க. நான் போனா, மாட்டற படத்துல என் கண்ணுதான் இருக்கணும்."

"நான் முன்னாடி போய்விட்டால்?"

"உங்களுக்கு என்ன, பென்ஷன் புத்தகத்துல ஒண்ணு இருக்கே, முறைச்சுக்கிட்டு. அதையே பெருசு பண்ணிடுவோம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவுமில்லை.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஃபிளாஷ் இல்லாமல், மங்கலான அறையில், கண் திறந்திருக்கும்படி ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். கேள்வி புரிவதற்கே அந்த ஆளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"லைட்டு இல்லாம இன்னா சார் எடுக்கறது? நீ கவலப்படாத. பழைய போட்டோ எது கீதோ அத்த குடு. கண்ணு மூடிகினு இருந்தா இன்னா, நான் தொறந்து உட்டுர்றேன்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். திரை முழுவதும் வரிசை வரிசையாகக் கண்கள். முகமில்லாமல் கண்கள் மட்டும்.

"ஆம்பள, பொம்பள, கொழந்த, அல்லாம் கீது. இந்த ஜோடி பாரு, நல்லா போவுது சார்."

நன்றாகப் போகும் ஜோடியை நானும் பார்த்தேன். மை தீட்டியிருந்தது. தென்சென்னைப் புறநகரில் எத்தனை வீட்டுச் சுவர்களில் அந்தப் பெண் மாலையோடு விழித்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

பெருங்களத்தூரில் இருக்கும் என் மகள், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அப்பா ஏன் அலைகிறார் என்று வருத்தப்பட்டு, தன் ஃபோனோடு வந்தாள். "நைட் மோட் போட்டா போதும்பா, ஃபிளாஷே வேணாம்" என்றாள். போட்டாள். எடுத்தாள். என் மனைவி மாலை நேரத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்கும் பின்னறை அது. திரைச்சீலையும் ஒரே ஒரு மஞ்சள் பல்பும்தான். அந்த வெளிச்சத்தில்தான் அவள் கண்கள் முழுதாகத் திறக்கும். ஃபோன் அந்த அறையை நண்பகல் ஆக்கியது. அவள் இடக்கன்னத்து மச்சத்தைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. நெற்றிச் சுருக்கங்களை இஸ்திரி போட்டது.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "நல்லாயிருக்கா பொண்ணு. யாரு?"

ஃபோன் படம் எடுப்பதில்லை. முகம் எப்படி இருந்தால் தனக்குப் பிடிக்குமோ அப்படி வரைந்து கொடுக்கிறது. ஸ்டுடியோக்காரராவது எந்தக் கண் என்று நம்மைக் கேட்கிறார்.

ஆகவே ஃபிலிம். கல்லூரியில் படித்த காலத்தில் இருட்டறையில் நின்று ஃபிலிம் கழுவியவன் நான். பிறகு அரசு அலுவலகம், கடைசியில் ஓய்வு பெறும்வரை கொள்முதல் பிரிவு. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும். இதைச் செய்யாமல் அதிகாரிகள் வாங்கிய ஜெனரேட்டர்கள் பல ஊர்களில் கோழிக்கூண்டாக இருக்கின்றன. எனக்கு வேண்டியது மங்கல் வெளிச்சத்தில், கையில் பிடித்தபடி, மெதுவான ஷட்டரில், ஆடாமல், சத்தமில்லாமல் எடுக்கும் கேமரா. சாதாரண ஃபிலிம் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே போய் அடிக்கும், கேமரா அதிரும். ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகையில் அந்தக் கண்ணாடி கிடையாது. தனி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம். அதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டிரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பி, இரண்டு மூக்கை ஒரு மூக்காகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அவ்வளவுதானைச் சுற்றி இணையத்தில் ஒரு மதமே இருக்கிறது. ஜெர்மன் கேமராதான் வேண்டும் என்று ஒரு கட்சி. அதை வைத்திருப்பவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு காப்பிக் கோப்பை. சுவரில் சாய்த்த சைக்கிள். அவர்களுடைய சொந்தச் செருப்பு. இதற்காக அந்த ஜெர்மன்காரர்கள் லென்ஸைத் தேய்த்திருக்க வேண்டாம். என் தேவைக்கு, லென்ஸைக் கழற்ற முடியாத பழைய ஜப்பான் கேமரா ஒன்று போதும் என்று முடிவு செய்தேன்.

அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்து விற்கும் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புலியூரிலேயே கிடைத்தார். நாற்பது வயது கடந்த சாஃப்ட்வேர்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஃபிளாட். கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு, விக்கிரகங்கள் போலக் கேமராக்களை வைத்திருந்தார்.

"எல்லாமே மின்ட் கண்டிஷன் சார், புத்தம்புதுசு மாதிரி" என்றார்.

"இதில் ஃபிலிம் போட்டுப் படம் எடுத்திருக்கிறீர்களா?"

"ஐயோ, இல்ல சார். வேல்யூ போயிடும்."

நான் டார்ச் கொண்டுபோயிருந்தேன். லென்ஸை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தேன். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். மின்ட் கண்டிஷனில் பாதிக்கு அது இருந்தது. பின்மூடியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கும் பஞ்சு சிலவற்றில் கருப்பட்டிப் பாகாக உருகியிருந்தது. அந்தக் காலத்து பேட்டரி இப்போது கிடைக்காது, காதுக் கருவிக்குப் போடும் பட்டன் பேட்டரி போட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னதை ஃபோனில் குறித்துக்கொண்டார். அடுத்து வருபவரிடம் தன் சொந்த அறிவாக விற்பார்.

தேறிய ஒன்றை, எங்கள் பின்னறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொல்வதாக வாங்கி வந்தேன். அவர் பால்கனியில் தெளிவாகத் தெரிந்த மஞ்சள் கட்டம் எங்கள் அறையில் குழம்பு சிந்திய கறையாகத் தெரிந்தது. என் மனைவிக்கு மூக்கு ஒன்றா இரண்டா என்று நிச்சயிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதும் அதே கதை. மூன்றாவதைக் கேட்டபோது அவர் தயங்கினார்.

"சார், ரெண்டும் வேற வேற கம்பெனி. ரெண்டுக்கும் ஒரே கம்ப்ளெயின்ட்டா?"

"இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தவை" என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்தார். மூன்றாவதை எடுத்து வந்தேன். அதுவும் மங்கல். விற்கிறவனுக்குப் பொருள் தெரியாது, வாங்குகிறவனுக்குப் பயன் தெரியாது, நடுவில் நல்ல கருவிகள் குருடாகிக்கொண்டிருக்கின்றன என்று என் மனைவியிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"கொடுங்க, பாப்போம்."

கேமராவைத் தலைகீழாக வாங்கி, நேராக்கி, என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மூக்கு இருக்கு. எது உங்களுது?"

"வளையத்தைத் திருப்பு."

"ம்... ஆங், ஒண்ணாயிடுச்சு. மீசையில ரெண்டு முடி நீட்டிக்கிட்டு இருக்கே, அதுகூட தெரியுது."

"கட்டம் மங்கலாக இல்லையா?"

"இல்லையே. பளிச்சுன்னு இருக்கு."

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"என்னங்க, அந்தக் காலண்டர்ல தேதி தெரியுதா?"

"தெரிகிறதே."

"என்ன தேதி?"

சொன்னேன்.

"அது இன்னைக்குத் தேதி. காலண்டரை ரெண்டு நாளா கிழிக்கவே இல்லை."

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். நல்ல வெளிச்சத்தில் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள், மங்கலில்தான் காட்டிக்கொடுக்கும் என்றார். கொள்முதலுக்கு முன்பு சில வருஷம் நான் மருத்துவ பில் பிரிவில் இருந்தேன். எத்தனை பேருடைய கண்புரை பில்லைத் திருப்பி அனுப்பியிருப்பேன். முன் அனுமதி விதிகளை இப்போதும் வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். மூன்று கேமராக்களின் கண்ணைச் சோதித்த டார்ச்சை என் பக்கம் ஒரு முறையும் திருப்பவில்லை. அனகாபுத்தூர் சொந்தக்காரர்களைச் சொன்னேனே, அவர்கள் வரிசையில் எனக்கும் ஓர் இலை போட்டிருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து, பார்வை தெளிந்த பிறகு படம் எடுக்கலாம் என்றேன். அதுதான் முறை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்னாடியே எடுத்துடுங்க. கண்ணு தெளிஞ்சா, என் மூஞ்சியிலயும் பூஞ்சை இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவீங்க."

பார்வை இல்லாமல் ஃபோகஸ் செய்வதற்கும் ஒரு வழி உண்டு. லென்ஸ் வளையத்திலேயே தூரம் பொறித்திருக்கும். எதிரில் இருப்பவரின் கண்ணிலிருந்து கேமராவரை அளந்து, அந்த எண்ணை வைத்தால் தீர்ந்தது. அவளுடைய தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். மூன்று கேமரா, இரும்புலியூருக்கு அத்தனை நடை, மஞ்சள் கட்டத்தைப் பற்றி நான் படித்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு தையற்காரரின் டேப். பூதக்கண்ணாடியால் வளையத்தின் எண்ணைப் பார்த்து வைத்தேன். டேப்பின் நுனியை அவளைக் கண்ணோரம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் நாற்காலியில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கினேன்.

"ஜாக்கெட்டுக்குத் துணி எவ்வளவு ஆகும்?" என்றாள்.

"சிரிக்காதே. ஆடும்."

"கை பஃப் வைக்கணும், மறந்துடாதீங்க."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போன நேரத்தில் என் விரல் அழுத்திவிட்டது. ஷட்டர் நாக்கைச் சொடுக்கியதுபோல மெல்லத் திறந்து மூடியது. மீதி ஃபிலிமையும் அவள் முகத்திலேயே செலவழித்தேன். கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமைச் சுற்றும் வேலைக்குக் கண் தேவையில்லை என்பதால், நானே குளியலறையில் கழுவினேன்.

பிரிண்ட் போட்டு வந்ததில் தேறியது முதல் படம்தான். மற்றவற்றில் அவள் என் சொற்படி அடக்கமாக இருந்தாள், படம் ஆடியிருந்தது. இதில் மச்சம் இருக்கிறது. சுருக்கங்கள் இருக்கின்றன. கன்னத்தோரம் இன்ச் டேப்பின் நுனியும் இருக்கிறது. கண்கள் இரண்டும் அகலத் திறந்து, தண்ணீர் கட்டி, என்னைக் கேலி செய்துகொண்டிருக்கின்றன.

அவள் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "என் கண்ணுதான்" என்றாள். பிறகு, "ஆனா இதை எங்க மாட்டறது? சிரிக்கறவளுக்கு யாராவது மாலை போடுவாங்களா?"

ஆபரேஷன் முடிந்ததும் அதே பின்னறையில் அந்தக் கேமராவை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் கட்டம் தெளிவாக இருந்தது. இரும்புலியூர்க்காரருக்கு ஃபோன் செய்து, கேமராவை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அந்த மங்கல் சரியாயிடுச்சா சார்?"

"சரிசெய்தாகிவிட்டது."

"சூப்பர் சார். எங்க குடுத்தீங்க?"

பதில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஃபோனில் குறித்துக்கொள்வார்.

ஃபிரேம் போட, வேறு வழியில்லாமல் அந்த ஸ்டுடியோவுக்கே போனேன். மார்க்கெட்டில் ஃபிரேம் போடுவது அவர் ஒருவர்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணு சூப்பரா கீது சார். பல்லுதான் தெரிது. ஒரு நிமிசம் குந்து, வாய மூடி உட்டுர்றேன்."

திரை நிறைய மூடிய வாய்களும் வைத்திருப்பார் போலிருக்கிறது. நான் பார்க்க நிற்கவில்லை. படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் காந்தத்தால் ஒட்டினேன். மாலை மாட்ட அங்கே ஆணி கிடையாது.