வால்வில் செருகிய புங்கந்தழை

அக்காள் மகன் ஓர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினான். மலைபோல் நின்ற பெரிய கொதிகலனைவிட, ஓரத்துக் கொட்டகையில் இருந்த சின்ன பாய்லர்தான் என்னை நிறுத்திவிட்டது. அதன் வால்வில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது: 'உள்ளே ஆள் வேலை செய்கிறார். மாட்டியவரே கழற்ற வேண்டும்.'

"இன்னா மாமா, இப்பிடி வேர்க்குது?" என்றான்.

கொட்டகைச் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சமாளிக்க வேண்டியதில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். ஜவ்வாது மலையடியில், படவேட்டுப் பக்கம், ஒரு தனியார் மின்சாரக் கொட்டகையில் எழுத்தர் வேலை எனக்கு. மலையிலிருந்து வண்டியில் இறங்கும் விறகுதான் பாய்லருக்குத் தீனி. ஈர விறகுப் புகையும் எண்ணெயும் கலந்த வாசனை, சட்டை கிழிந்து கைத்துணியான பிறகும் அதைவிட்டுப் போகாது. அந்த வயதிலேயே எனக்குத் தேதிப் பைத்தியம். மழை பிடித்த நேரம், விட்ட நேரம் எல்லாம் எழுதி வைப்பேன். யார் கேட்டார்கள்?

பெரிய பாய்லர் தானாக எழுந்திருக்காது. அதற்குள் தண்ணீர் தள்ளும் பம்பு ஓடுவதே நீராவியில். நீராவியோ இன்னும் பிறக்கவில்லை. ஆகவே முதலில் சின்னதை மூட்டுவோம். அது பம்பை ஓட்டும், குழாய்களைச் சூடேற்றும், பெரியதன் வயிற்றுக்குள் ஆவி விட்டு இரும்பை மெல்ல வெதுப்பும். பெரியது மூச்சு விடத் தொடங்கியதும் சின்னதை அணைத்துவிடுவோம். மறுபடி பெரியது படுத்தால்தான் அதன் ஞாபகம் வரும். எழுத்தர் உத்தியோகமும் ஏறக்குறைய அப்படித்தான்.

பெரியதன் வயிற்றில் படியும் உப்பைச் சுரண்ட இறங்குபவர் காளி. புதூர்நாட்டு மலைக்காரர், ஒல்லி உடம்பு. ஏறி வரும்போது உப்புத்தூள் படிந்து சாம்பல் பூசியவர்போல இருப்பார். இறங்குமுன் ஒரு கொத்துப் புங்கந்தழையைச் சின்ன பாய்லரின் வால்வுச் சக்கரத்தில் செருகுவார். வெளியே வந்து அவரே உருவிப் போட வேண்டும், வேறு கை படக்கூடாது. மலையில் குகைக்குள் நுழைபவர்கள் வாசலில் தழை போட்டுவிட்டுத்தான் போவார்களாம். எனக்குச் சிரிப்பு. ஒரு நோட்டுப் போட்டேன்: பெயர், இறங்கிய நேரம், ஏறிய நேரம்.

அன்று பெரியது நின்று நாலாம் நாள். காலையில் காளி இறங்கினார். பதினொன்று இருபதுக்கு, உச்சி முதல் பாதம்வரை சாம்பல் பூசிய ஓர் உருவம் என் ஜன்னலைக் கடந்து மலைப்பக்கம் நடந்தது. 'காளி, ஏறிவிட்டார்' என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் பாய்லர் மூடியைப் போட்டு முடுக்கினார்கள்.

இரண்டு மணிக்குச் சின்னது சீறத் தொடங்கியது. வால்வைத் திறந்தால் பம்பு ஓடிப் பெரியதற்குள் தண்ணீர் நிறையும், பின்னாலேயே ஆவி பாயும். தீ போடும் கண்ணமங்கலத்து அருளப்பன் சக்கரத்தில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"தழை கெடக்குது சார்."

சூப்பரின்டெண்டுக்கு அந்திக்குள் ஊரில் விளக்கு எரிந்தாக வேண்டும். "மறந்துட்டுப் போய்ட்டான்யா. ஏறிட்டான்னு நோட்டுல எழுதியிருக்கு, பாரு."

"நோட்டு இன்னா, உள்ள பூந்தா பாத்துச்சு?" அருளப்பன் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர் தம்பி, மூஞ்சியப் பாத்தீங்களா?"

"நடந்து போறதப் பாத்தேண்ணே."

"மூஞ்சி?"

அந்த உருவத்துக்கு முகம் இருந்ததாகவே நினைவில்லை.

சூப்பரின்டெண்டு தழைக்குக் கை நீட்டினார். அருளப்பன் குறுக்கே வந்து நின்றார். "வேலைய விட்டு அனுப்புங்க, போய்டறேன். ஒரு தபா தட்டிப் பாத்துட்டுப் போறேன்."

ஸ்பானரால் பெரியதன் மேல் மூன்று முறை தட்டினார். சின்னதன் சீறல் மட்டும் கேட்டது. மறுபடி மூன்று. அப்புறம் உள்ளிருந்து, நகத்தால் தட்டுவதுபோல, ஒன்று.

"சூட்டுல இரும்பு முறுக்குதுய்யா," என்றார் சூப்பரின்டெண்டு. குரல் இறங்கியிருந்தது.

"நாலு நாளாச் சில்லுனு கெடக்குது சார். எங்கேந்து முறுக்கும்?"

மூடியைக் கழற்ற எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று நான் குறிக்கவில்லை. அந்த வேலையில் நான் குறிக்காமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். கடைக்கோடியில் சுருண்டு கிடந்த காளியை இழுத்து வெளியே போட்டார்கள். தண்ணீர் குடித்தார். தள்ளாடிப் போய்த் தழையை உருவி எறிந்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"காத்தில்லாம கண்ணு சொருகிடுச்சுங்க. தட்டுற சத்தத்துலதான் முழிச்சேன்."

"நடுவுல வெளிய வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க வர்றது?"

"மலைப்பக்கம் ஒருத்தர் போனாரே, சாம்பலா..."

காளி, எறிந்த தழையைத் திரும்பிப் பார்த்தார். "அது தழைய எடுக்கலல்ல?" என்றார். "ஆளாட்டம் நடக்கும், ஆனா அதால தழையத் தொட முடியாதுங்க."

அன்று நோட்டில் பெயரை மட்டும் அடித்தேன். நேரத்தை அடிக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு ஏதோ ஒன்று என் ஜன்னலைக் கடந்தது உண்மை.

பிற்பாடு வெளியூரிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்தது. பெரியதும் சின்னதும் பழைய இரும்பாகப் போயின. நோட்டைக் கறையான் தின்றது. என் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது கரும்பு நிற்கிறது. காளி தழை ஒடித்த புங்கமரமும் இல்லை.

அக்காள் மகனின் சிவப்பு அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று, நேற்று மாட்டியதா போன வருஷம் மாட்டியதா என்று தெரியாமல் இருந்தது. தழையாக இருந்தால், வாடியிருப்பதைப் பார்த்தே, உள்ளே போனவர் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம்.