“முடிஞ்சுது அண்ணே”

நார்வேயில் வசந்தம் வந்துவிட்டதைப் பூக்களை வைத்து நான் தெரிந்துகொள்வதில்லை. கார்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மே பிறந்ததும் எங்கள் தெருவில் நிற்கும் கார்களின் மேல் ஆளுக்கொரு கறுப்புப் பெட்டி முளைத்துவிடும். பெட்டியைத் திறந்து விரித்தால் அது கூடாரம். ‘தாக்டெல்த்’ என்கிறார்கள், கூரைக் கூடாரம் என்று அர்த்தம். ஏணி வைத்து ஏறி, காரின் மண்டையில் படுத்துத் தூங்குவார்கள். விருதுநகர்ப் பக்கம் காரின் மேல் வாழைத்தார் கட்டிப் பார்த்திருக்கிறேன். சீர்வரிசைக் கட்டில் போனதைப் பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் மைக்செட் ஏறும். மனிதர்கள் போர்வையும் தலையணையுமாக ஏறிப் படுப்பதை இங்கேதான் பார்த்தேன். அதுவும் வீடு, மெத்தை, சூடேற்றி எல்லாம் வைத்திருக்கிறவர்கள். இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுவது என்பது இதுதான் போலிருக்கிறது.

இந்த ஆண்டு நாங்களும் பறந்தோம். என் மனைவி எஸ்தர் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். அவளோடு வேலை பார்க்கும் பெண்மணி தன் கூடாரத்தை நான்கு நாளைக்குக் கொடுத்தார். மலைக்கும் கடலுக்கும் இடையில் ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருக்கும், அந்தச் சாலையில் போகாவிட்டால் இந்த நாட்டில் இருந்து என்ன பயன் என்றும் சொன்னாராம். எங்கள் மகள் ஷரோனுக்கு ஒன்பது வயது. கார் மேல் தூங்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு ஏன் வேண்டாம் என்றால், கூடாரம் முழுக்க நைலான். தூங்குவதற்கு நுழைந்துகொள்ளும் பையும் நைலான். நான் பதினோரு ஆண்டுகள் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். அங்கே பருத்தித் துணியைத் தவிர வேறு எதையும் உடுத்திக்கொண்டு மருந்து இருக்கும் அறைக்குள் போக முடியாது. மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்குள் போகிற பொடியை. செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஊறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். இங்கே வந்து, ஒரு கிடங்கில் வண்டி ஓட்டத் தொடங்கி, ஆறு ஆண்டு ஆகிறது. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கும். ஷரோன் சிரிப்பாள், என் கை செம்புத் தகட்டைத் தேடும்.

அதனால் முதல் நாள் மாலை, கூடாரத்தை விரித்ததும், வாங்கி வைத்திருந்த இரும்புச் சங்கிலியை எடுத்துக் காரின் அடியில் மாட்டினேன். மறுமுனையை ஒரு கம்பியில் சுற்றி மண்ணில் அடித்தேன். முகாம் இடத்துக்காரர் வந்து நின்று பார்த்தார். இங்கே யாரும் காரைத் திருட மாட்டார்கள் என்று சொன்னார். திருட்டுக்கு இல்லை, மின்சாரத்துக்கு என்று எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. மின்சாரம் வேண்டுமென்றால் அந்தக் கம்பத்தில் இருக்கிறது, மண்ணில் கிடைக்காது என்று பொறுமையாக விளக்கினார். நன்றி சொன்னேன். எஸ்தர் ஏணியில் உட்கார்ந்து அடக்க மாட்டாமல் சிரித்தாள். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கறது உங்களுக்குத்தான் எழுதி வச்சது” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பேய் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது முதலாளி, “ஒங்க எடத்துக்கு ஒரு ஆளச் சொல்லிட்டுப் போங்க” என்றார். என் தம்பி சாமுவைச் சொன்னேன். அவன் அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தான். நல்ல வேலைதான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில் இழுத்துப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். போர்மேன் என்றால் மரியாதை, கூடுதல் வருமானம் என்று நான்தான் ஆசை காட்டினேன். நான் எழுந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டு விமானம் ஏறினேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் நிம்மதியாக விடிந்ததில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருக்கும் கனம் அவன்.

பட்டாசு வேலையில் எல்லா நேரமும் ஆபத்து என்றாலும், கலவை நேரம்தான் ஆளைத் தின்னும். மருந்துகளைச் சலித்து ஒன்றோடொன்று சேர்க்கும்போது போர்மேன் அந்த அறை வாசலில் நிற்க வேண்டும். என் காலத்தில் அதிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்கு முன் எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். கோடையில் கேட்கவே வேண்டாம். இங்கே ஆப்பிள் பூக்கிற அதே மாதத்தில் சாத்தூர் ரோட்டில் தார் இளகும். சாமு எனக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தான். காலை எட்டு மணிக்கு, இங்கே நாலரைக்கு, செல்போனில் ஒரு செய்தி வரும்: ‘முடிஞ்சுது அண்ணே.’ அந்த மணியோசைக்கு விழித்து, படித்து, ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். ஏழு மணி வரை வரும் அந்தத் தூக்கம்தான் எனக்குத் தூக்கம். வேலையை விட்டுவிடு என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். “விட்டுட்டு?” என்று ஒரே வார்த்தையில் கேட்பான்.

இரண்டாம் நாள் இரவு ஒரு மலைப்பள்ளத்தில் தங்கினோம். மேலே பனி, கீழே பச்சைத் தண்ணீர், கரையெல்லாம் வெள்ளைப் பூ. படம் எடுத்து சாமுவுக்கு அனுப்பப் பார்த்தபோதுதான் அங்கே சிக்னல் இல்லை என்று தெரிந்தது. எஸ்தரிடம் சொல்லவில்லை. ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலரைக்கு மணியோசை இல்லாமலே விழித்துவிட்டேன். வெளிச்சம் வந்திருந்தது. செல்போனைத் தலைக்கு மேல் பிடித்தேன், கூடாரத்துக்கு வெளியே கையை நீட்டினேன். ஒன்றும் இல்லை. இறங்கிச் சாலையில் ஒரு மைல் நடந்தேன். ஆட்டுக்கிடை ஒன்றைத் தாண்டி மேடேறினேன். அங்கும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு மேலே போகலாம் என்றால், என் வீடு காரின் மேல் இருக்கிறது. மனைவியும் மகளும் அதற்குள் தூங்குகிறார்கள். அவர்களை எழுப்பி, இறக்கி, கூடாரத்தை மடித்துப் பூட்டினால்தான் சக்கரம் உருளும். ஆறு மணி வரை அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஏணியில் ஏறி எஸ்தரின் காலைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். ஷரோனைத் தூக்கிக் கொடுத்தாள்.

மலை ஏறிப் பத்து நிமிடத்தில் சாலை மறித்திருந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் கொடியோடு நின்றாள். பக்கத்தில் பலகை, ‘ஸ்ப்ரெங்னிங்’ என்று. சாலையை அகலப்படுத்தப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். பதினைந்து நிமிடம் என்று விரல்களைக் காட்டினாள். காரை நிறுத்தியதும் என் சட்டைப்பையில் மணி அடித்தது. சிக்னல். ‘முடிஞ்சுது அண்ணே. தூங்குங்க.’ வழக்கம்போல எட்டு மணிக்கு அனுப்பியிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. இறங்கிச் சாலையோரம் போய், அவன் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று கூப்பிட்டேன். அங்கே பத்தே முக்கால்.

மூன்றாவது தடவை எடுத்தது சாமு இல்லை. கேட்டில் எல்லாருடைய செல்போனையும் வாங்கிப் பெட்டியில் வைக்கும் வாட்ச்மேன் சண்முகவேல். எனக்குப் பழக்கமானவர்.

“அண்ணன்னு பேரு வந்துச்சு, அதான் எடுத்தேன். நல்லா இருக்கீகளா? ஊருக்கு எப்ப வாரீக?”

“நல்லா இருக்கேன். சாமு எங்க?”

“தம்பி கலவை ரூம்புல நிக்காக. எப்பவும் போல எட்டேகாலுக்கு உள்ள போனாக. வெளிய வர பதினோரு மணி ஆயிரும்.”

“எப்பவும் போலயா? கலவை எட்டுக்கெல்லாம் முடிஞ்சிருமே.”

“அது உங்க காலம். இப்ப ஆளுக வார பஸ்ஸே எட்டு மணிக்குத்தேன் வருது. அதுக்கு மேலதான் எல்லாம். சாப்பாட்டு நேரத்துல கூப்பிடச் சொல்லுதேன்.”

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் முடிந்தது என்று அனுப்பியபோது எதுவும் ஆரம்பிக்கவேயில்லை. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்த ஒவ்வொரு காலையும், நான் குறட்டை விட்ட அதே நேரத்தில்தான், ஏறுகிற வெயிலில் அவன் அந்த வாசலில் நின்றிருக்கிறான். இப்போதும் நின்றுகொண்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து மலையில் சங்கு ஊதியது. அது எச்சரிக்கைதான் என்று மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். கொடிக்காரப் பெண் ஓடிவந்து “கோர் தெ ப்ரா?” என்றாள். நலமா என்று கேட்பது. என் வாயில் வந்தது ஒன்றுதான். “என் தம்பி உள்ளே இருக்கிறான்” என்று அவள் மொழியில் சொன்னேன்.

அவள் என்னை விட்டுவிட்டு இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸில் கத்தினாள். சங்கு பாதியில் நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து நான்கு பேர் தலைக்கவசத்தோடு ஓடிவந்தார்கள். எந்த இடத்தில், என்ன நிறச் சட்டை என்று கேட்டார்கள். எஸ்தர் காரிலிருந்து ஓடிவந்து விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தம்பி இந்த மலையில் இல்லை, இந்தியாவில் இருக்கிறார், அங்கே வெடிமருந்து கலக்கிறார் என்றாள். யாரும் கோபப்படவில்லை. கொடிக்காரப் பெண் மட்டும் யோசித்துவிட்டு எஸ்தரிடம் கேட்டாள்: “அப்படியானால் அங்கே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமே?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரன், அரைகுறை மொழியில், தப்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இங்கே ஒரு மலையையே நிறுத்திவிட்டார்கள். அச்சங்குளத்தில் நானே பதினோரு ஆண்டு போர்மேன். ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. சீசன் ஆர்டர் இருக்கும், லோடு காத்திருக்கும். வெயில் கூடிப்போச்சு என்று வேலையாட்கள் சொல்லும்போது, “இன்னும் ரெண்டே சட்டிதாம்பா” என்று சொன்ன வாய் இது. அதே வார்த்தையை இப்போது சாமு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

பிறகு வெடித்தார்கள். தரை ஒரு முறை அதிர்ந்தது. சாலை திறந்தும் நான் காரை எடுக்கவில்லை. சிக்னல் இருந்த அந்த மேட்டிலேயே ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தோம். சாத்தூரில் வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டதாகச் செல்போன் காட்டியது. ஷரோன் கீழே தெரிந்த ஆப்பிள் பூக்களைக் காட்டி ஏதோ சொன்னாள். உம் கொட்டினேன். எஸ்தர் என் கையை விடவில்லை. ஒன்பது மணிக்கு அவன் கூப்பிட்டான்.

“அண்ணே, சாப்டீகளா?”

“ஏலே, நீ எதுக்குப் பொய் சொன்ன?”

தூக்குச்சட்டியை மூடும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் சொல்லியிருப்பார்.

“மொதல்ல நெசமாத்தான் போட்டேன். பஸ் நேரம் மாறுனப்பொறவு சாப்பாட்டுக்குத்தேன் வெளிய விடுதாக. நீங்க அதுவரைக்கும் முழிச்சுக் கெடந்துட்டு வேலைக்குப் போவீக. கிடங்குல வண்டி ஓட்டுற மனுசன். அதான் போனைக் குடுக்குறதுக்கு முந்தியே போட்டுட்டுப் போயிருவேன்.”

“எம்புட்டு நாளா?”

“போன ஆடியில இருந்து.”

எனக்குத் திட்ட வரவில்லை. அங்கே நிற்கிறவன் அவன். என் தூக்கத்தையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். “இனிமே அப்படிப் போடாத. உள்ள போகையில போறேன்னு போடு. சாப்பாட்டுக்கு வந்து முடிஞ்சுதுன்னு போடு” என்றேன்.

“போட்டா அங்கன இருந்து என்னண்ணே செய்வீக?”

“ஒண்ணுஞ் செய்ய முடியாது. முழிச்சிருப்பேன்.”

“இன்னைக்கு வெயில் அம்புட்டு இல்ல அண்ணே” என்றான்.

அன்று மாலை நல்ல சிக்னல் இருக்கிற கரையாகத் தேடிக் கூடாரத்தை விரித்தோம். மறுநாள் காலை நாலே முக்காலுக்கு மணியோசை கேட்டது. ‘போறேன் அண்ணே’ என்று இரண்டே வார்த்தை. எஸ்தரை எழுப்பாமல் ஏணியில் இறங்கினேன். பனி விழுந்த புல் காலைச் சுட்டது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, எதிர்க்கரைத் தோட்டங்கள் முழுதாகப் பூத்திருந்தன. அங்கே இப்போது செருப்பைக் கழற்றியிருப்பான், இப்போது சல்லடையை எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே கூடாரத்தின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. ஷரோன் தூக்கக் கண்களோடு தலையை நீட்டினாள்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“இங்கதாம்மா இருக்கேன்” என்றேன். அங்கே மணி எட்டே முக்கால் ஆகியிருந்தது.