ஏலத்துக்குள் நின்ற ஆம்புலன்ஸ்

பிப்ரவரி மாதம், இரண்டாம் சனிக்கிழமை. காலையில் வழக்கம்போல் முற்றம் பெருக்கி, புட்டும் பயறும் தின்று, பிரஷர் மாத்திரை விழுங்கிவிட்டு குன்னத்துகால் மைதானத்துக்கு நடந்தேன். சபையார் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகையின் இரண்டு நாளும் மருத்துவப் பந்தல் என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்.

ஆம்புலன்ஸைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லியிருந்தேன். கமிட்டிக்காரர்களுக்கு அது மேடையருகே, எல்லாரும் பார்க்க நிற்கவேண்டும். சரி என்று, மேடையிலிருந்து கேட் வரை வண்டி போகும் அகலத்துக்கு இருபுறமும் சுண்ணாம்புக் கோடு போட வைத்தேன்.

சாயங்காலம் ஒரு பிள்ளையின் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தால், கோட்டுக்குள் ஏத்தன் வாழைக்குலை, சக்கை என்கிற பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிய கோழிகள். இவ்வளவு சுத்தமாகக் கோடு போட்ட இடம் காணிக்கைப் பொருளுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். சுற்றிலும் சனம் நெருக்கி நிற்க, ஏலம் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் மைனி, என் அண்ணனின் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார். ரவிக்கையெல்லாம் வியர்வை. இடது கை கடுக்கிறது என்றார். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, ஆம்புலன்ஸில் கிடத்தி, ஆக்சிஜன் வைத்தேன். டிரைவர் எஞ்சினைப் போட்டார். நகர இடமில்லை.

வாலண்டியர் ஒருவரிடம் பொருட்களை எடுக்கச் சொன்னேன்.

"கர்த்தருக்கு வச்சதாக்கும் சிஸ்டரே. ஏலம் போகாம எப்படி எடுக்க?"

"உள்ள ஆளு கெடக்கு."

"செயலாளரைக் கேட்டுட்டு வாறேன்" என்று போனவர் வரவில்லை.

மைக்கில் சொல்லலாம். சொன்னால் கூட்டம் வேடிக்கை பார்க்க வண்டியைச் சுற்றிக்கொள்ளும். மைக்கில் சொல்லக் கூடாது என்று பண்டிகைக்கான மருத்துவத் திட்டத்தில் எழுதியதே நான்தான். மைனியும் என் கையைப் பிடித்து, "ஆருட்டயும் சொல்லாத மக்கா, நாணக்கேடு" என்றார். உதடு வெளுத்திருந்தது.

ஏலம் போனால்தானே எடுக்க விடுவார்கள்? நானே கேட்கத் தொடங்கினேன். முதல் குலை எனக்கு. டிரைவர் அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். கோழிகளும் எனக்கு. அடுத்து ஒரு பெரிய சக்கை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டது. என் அண்ணன்.

நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார்.

"எனக்க தங்கச்சிக்கு இன்னிக்கு பிராந்தாக்கும்! சக்கையைக் கண்டா விடமாட்டா!"

எனக்குப் பைத்தியம் என்றதும் கூட்டம் சிரித்தது. நான் தலையை ஆட்டியதையும் கண்ணைக் காட்டியதையும் அவர் வாசி, வீம்பு என்றே எடுத்துக்கொண்டு இன்னும் ஏற்றினார். என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணா! மைனி வண்டியில கெடக்கா!"

சிரிப்பு நின்றது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சக்கையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வெளியே எறிந்தார். அதன்பிறகு யாரும் செயலாளரைத் தேடவில்லை. குலைகள் தலைக்கு மேலே கைமாறிப் போயின. கோடு தெரிந்தது. வண்டி நகர்ந்தது.

இரத்தக்குழாயில் அடைப்பு. அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள். கண் விழித்த மைனி, "சக்கை ஆருக்கு?" என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக மைதானத்துக்குப் போனேன். கமிட்டியைக் கேட்காமல், ஆம்புலன்ஸைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நிறுத்த வைத்தேன்.